வாழையை விட்டால் காபெஸ்தேருக்கு வேறு வழி உண்டா?

தென்திசை:
கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவின் கிழக்குக் கரையில் உள்ள காபெஸ்தேர்-பெல்-ஓ பற்றி, ‘வாழைதான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது’ என்று காரைக்கால்காரன் அண்ணன் நேற்று எழுதியிருந்தார். அதே வாழைக்காக 1972 முதல் 1993 வரை அந்த மண்ணில் குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைக் கொட்டினார்கள். அது நூற்றாண்டுகளுக்கு மண்ணை விட்டுப் போகாது. ‘பெல்-ஓ’ என்றால் அழகிய நீர். அந்த ஊர் ஊற்று நீரை இன்று கரி வடிகட்டியில் வடித்த பிறகுதான் குழாயில் விடுகிறார்கள். சோறு போட்ட கணக்கை எழுதுபவர்கள் இதையும் எழுத வேண்டும்.

காரைக்கால்காரன்:
தம்பி, நஞ்சை நான் மறுக்கவில்லை. ஆனால் வாழை ஏன் வந்தது என்று பாருங்கள். முதலில் கரும்பு. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ‘ஓரெலி’ கப்பல் நம் ஆட்களை அந்தத் தீவில் இறக்கியது. 1889-க்குள் 42,000-க்கு மேல் போனார்கள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஏறியவர்கள் நிறைய. கால் பங்குகூடத் திரும்பவில்லை. அப்புறம் 1928 புயல் காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பிச் செடி காய்க்க ஆண்டுகள் ஆகும், வாழை ஒன்பது பத்து மாதத்தில் தார் தள்ளும். 1989-ல் ஹியூகோ புயலில் தோப்புகள் சாய்ந்த பிறகும் வாழையை வைத்துத்தான் எழுந்தார்கள். புயல் வரும் ஊரில் இது சின்ன விஷயமா?

தென்திசை:
அண்ணா, நம் ஆட்கள் என்று சொன்னதால் ஒன்று கேட்கிறேன். ஆன்ரி சிதம்பரம் 1863-ல் அதே காபெஸ்தேரில் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை இல்லை என்றதும் 1904-ல் வழக்குத் தொடுத்தார். 1923-ல்தான் உரிமை கிடைத்தது. பத்தொன்பது ஆண்டு! உரிமை வாங்கிய அந்தக் குடிமக்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இந்த நஞ்சைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இதே மருந்தைத் தயாரித்த ஹோப்வெல் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் கண்டு 1975-லேயே ஆலையை மூடிவிட்டார்கள். பிரான்ஸ் 1990-ல் தடை செய்தது, ஆனால் தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு. யாருக்காக? தோட்ட முதலாளிகளுக்காக.

தொட்டியம் விவசாயி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நானும் வாழை போடுகிறவன். அவர்கள் மருந்து அடித்தது கிழங்குக் கூன்வண்டுக்கு. எங்கள் தோட்டத்திலும் அது உண்டு. கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே சல்லடையாகத் துளைத்திருக்கும், ஒரு காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். அறுவடை முடிந்த தண்டை அரை முழத்துக்கு நறுக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டுப் பக்கம் மண்ணைத் தொடும்படி வைத்தால் ராத்திரியில் வண்டு வந்து ஒட்டும். காலையில் பொறுக்கி அழிக்க வேண்டும். கூலி செலவு அதிகம், அவ்வளவுதான். வேறு வழியே இல்லை என்பது சரியல்ல.

காரைக்கால்காரன்:
ஐயா சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இப்போது அந்த மண்ணில் என்ன போடுவது? சேம்பு, சர்க்கரைவள்ளி போட்டால் கிழங்கில் நஞ்சு ஏறுகிறது. வாழைப்பழத்தில் ஏறுவதில்லை. வாழையை நிறுத்து என்றால் தொழிலாளி எங்கே போவான்?

தென்திசை:
அதைத்தான் அண்ணா நானும் சொல்கிறேன். எந்தப் பயிருக்காக மண்ணைக் கெடுத்தார்களோ அந்தப் பயிரைத் தவிர வேறு எதையும் நம்பிப் போட முடியாத நிலை. வீட்டுக் கொல்லையில் சேம்பு வைத்துப் பிழைத்தவர் மண் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறார். ஆறு கடலில் கலக்கும் இடங்களில் மீன்பிடிக்கத் தடை. இந்த நஞ்சு பற்றி 2006-ல் கொடுத்த புகாரை 2023 ஜனவரியில் பிரான்ஸ் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். பொதுச் சுகாதார ஊழல் என்று எழுதிவிட்டு, யார் மீதும் குற்றம் சுமத்தவில்லை. வாழை மானியம் ஐரோப்பாவிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு கொல்லைக்காரருக்கும் மீனவருக்கும் போகட்டும். வாழையை வெட்டச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை.

காரைக்கால்காரன்:
இந்த ஒன்றில் உங்களோடு நிற்கிறேன் தம்பி. மானியம் தோட்டக்காரர் கையோடு நிற்கக் கூடாது.