தம்பியின் படத்தைக் கடைச் சுவரிலிருந்து அகற்ற வழி தேவை

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் 16 வயதான என் தம்பியைச் சென்ற மாதம் இயர்போன் திருடியதாகக் கூறி நிறுத்திவைத்தார்கள். அது இராமநாதபுரத்தில் வாங்கியது. ரசீதைக் காட்டியபின் அனுப்பிவிட்டார்கள். ஆனால் கேமராவில் பதிவான அவன் முகத்தை அச்சிட்டு, 'திருடன்' என்று சிவப்பு மையில் எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டியதை இன்றுவரை எடுக்கவில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அப்பாவிடமே விசாரிக்கிறார்கள்.

உரிமையாளரிடம் நேரில் பேசியும் பயனில்லை. காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், மனு ரசீது தரவில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் விவரம் பதிந்துகொண்டதோடு சரி. குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, தடை செய்கிறது. புகாரே கொடுக்காத கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

படத்தை விரைவாக அகற்ற, அடுத்த மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கொடுப்பதா, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுப்பதா?