மறு: கன் லாபி - தமிழில் என்ன சொல்லலாம்?

> “துப்பாக்கித் தரகுக் குழு” என்றால் சட்டென்று புரியுமே?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். கன் லாபி என்பது துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகாதபடி அரசியல்வாதிகளை அழுத்தும் அமைப்பு. தரகு என்றதும் நமக்கு ஆயுத பேரமும் கமிஷனும்தான் நினைவுக்கு வரும். அந்த லாபியின் முகமான அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கத்துக்கு அது பொருந்தவில்லை. துப்பாக்கி தயாரிக்கும் கம்பெனிகளுக்குத் தனியாக வேறொரு சங்கம் இருக்கிறது. இது சந்தா கட்டும் துப்பாக்கிக்காரர்களின் சங்கம். 1871-இல் குறிபார்த்துச் சுடப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். 1977-இல் சின்சினாட்டி மாநாட்டில் கடும்போக்கு உறுப்பினர்கள் தலைமையைக் கைப்பற்றிய பிறகுதான் முழுமூச்சாக அரசியலில் இறங்கியது.

தேர்தலில் அது செலவழிக்கும் பணம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேட்பாளர்களை நடுங்க வைப்பது அது கொடுக்கும் மதிப்பெண். துப்பாக்கி மசோதாக்களில் எப்படி வாக்களித்தார் என்று பார்த்து, ஏ முதல் எஃப் வரை போடுவார்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஓர் எழுத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்பும் எதிர்த்தரப்பில் ஆள் அதிகம், ஆனால் இதற்காகவே வாக்குச்சாவடிக்குப் போகிறவர்கள் குறைவு.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, கண்காட்சியிலும் இணையத்திலும் துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் மசோதாத் திருத்தம் அமெரிக்க மேலவையான செனட்டுக்கு வந்தது. கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் ஆதரித்த யோசனை. ஆதரவாக 54, எதிராக 46. பாதிக்கு மேல் இருந்தும் போதவில்லை, தேவைப்பட்டது 60, அதனால் விழுந்தது. கிராமப்புற மாநிலங்களைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சியினர் சிலரும் எதிர்த்தார்கள். அவர்கள் பயந்தது சொந்த மாநில வாக்காளருக்கு. இதைத் தரகு என்று எழுதினால் கதையே மாறிவிடும்.

ஆகவே “செல்வாக்கணி” என்று முன்மொழிகிறேன்: துப்பாக்கிச் செல்வாக்கணி. “அழுத்தக் குழு” ஏற்கெனவே பாடநூல்களில் இருக்கிறது, ஆனால் தொழிற்சங்கம் வரை எல்லாமே அதில் அடங்கிவிடும். சம்பளம் வாங்கிக்கொண்டு, அமெரிக்காவின் 1995-ஆம் ஆண்டு லாபிச் சட்டப்படி பதிவு செய்து, நாடாளுமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்க்கும் ஆளுக்கு வேறு சொல் வேண்டும். “செல்வாக்காளர்” வேண்டாம், அதை யூடியூப்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! “பரிந்துபேசுநர்” சரிவருமா?

“செனட்டில் துப்பாக்கிச் செல்வாக்கணி வென்றது.” கட்டுரை எழுதும் நண்பர் இந்த வரியை வாசித்துப் பார்த்துச் சொல்லட்டும். இடறினால் அடுத்த சொல் தேடுவோம், அதுவரை லாபி என்றே இருக்கட்டும்.