புதுப்பிப்பு: வால்வு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாச்சு

பாம்பன், வயது 34, பிறவியிலேயே இதயத்தின் பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு, அந்தத் தமனியும் 5.3 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருக்கிறது, எந்த வால்வு வைக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, மெக்கானிக்கல் வால்வு (செயற்கைப் பொருளில் செய்தது) என்று முடிவு செய்துவிட்டேன். விலங்குத் திசுவில் செய்த வால்வு என் வயதில் 10, 15 வருடத்தில் தேய்ந்து, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம்.

ஆனால் இதற்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் பரிசோதனை. வலை இழுக்கிற கை எனக்கு. நண்டுக் கொடுக்கோ கெளுத்தி முள்ளோ கீறாத நாளே இல்லை. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. கையுறை போடு, ரத்தம் நிற்காவிட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே வா என்றார் டாக்டர்.

நேற்று அப்பா என் வல்லத்தைக் கரையேற்றி, ஓலை போட்டு மூடினார். ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மதுரையில் சேர்கிறேன். அப்புறம், தம்பிக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது குடும்பத்தில் வரக்கூடியதாம்.