டெக்சஸில் மான் வேட்டை: .44 மேக்னமா, .500-ஆ? கைத்துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவனுக்கு எது சரி?

ஜூரோங்வாசி

வணக்கம். வயசு 41. அக்காவும் அத்தானும் டெக்சஸில் சான் அன்டோனியோவுக்கு வடக்கே இருக்காங்க. வர்ற நவம்பரில் மூணு வாரம் அங்கே போறேன். அத்தான் வருஷா வருஷம் லானோ பக்கம் ஒரு பண்ணையில் காசு கட்டி வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போவார். ரைஃபிளை வீட்டில் வச்சுட்டு இப்போ ரிவால்வர்லதான் சுடறார். "நீயும் கத்துக்கோடா, வா"ன்னு ஒரே பிடிவாதம்.

அவர்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், .44 மேக்னம், ஏழரை அங்குல பேரல். இன்னொண்ணு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500. பெரிய தோட்டான்னா மான் உடனே விழும், துடிக்காதுன்னு எனக்குத் தோணுது. அதனால .500 பக்கம் மனசு போகுது.

எனக்குத் தெரிஞ்ச சுடுதல் எல்லாம் தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிள் மட்டும்தான். குறி பார்த்துச் சுடறதுக்கான மார்க்ஸ்மன் பேட்ஜ் வாங்கினேன். கைத்துப்பாக்கியைக் கையால தொட்டதில்லை. நான் நினைக்கிறது சரியா? இங்கே சிங்கப்பூரில் இருந்தபடியே எதையாவது பழக முடியுமா?

பழைய கப்பல்காரன்

தம்பி, .500-ஐ தொடாதே. மான் துடிக்கக் கூடாதுன்னு நினைக்கிற பார், அந்த நினைப்புக்காகத்தான் இதைச் சொல்றேன்.

என் மகன் ஹூஸ்டனில் இருக்கான். கப்பல் வேலையை விட்ட பிறகு ஏழெட்டு நவம்பர் அவனோட போயிருக்கேன். முதல் வருஷம் எனக்கும் உன் எண்ணம்தான். .454 கசூல் ரிவால்வர் ஒண்ணு கிடைச்சுது. சுடுதளத்தில் முப்பது ரவுண்டு சுட்டேன். முதல் பத்து நல்லா விழுந்தது. அப்புறம் எல்லாம் கீழே, இடப்பக்கமா இறங்க ஆரம்பிச்சுது. துப்பாக்கி வெடிக்கிறதுக்கு முன்னாடியே என் கை மிரள ஆரம்பிச்சிருக்கு, அது எனக்குத் தெரியலை. சைட் சரியில்லைன்னு திருகிட்டு இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் எழுபது கஜத்தில் ஒரு பெண் மான். தோளுக்குப் பின்னாடி குறி வச்சேன். குண்டு வயித்தில் பட்டுது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டார்ச் வச்சுக்கிட்டு ரத்தத் துளியைத் தேடி நடந்தோம். மறுநாள் மத்தியானம் கிடைச்சுது. அதுக்குள்ள கொயோட்டி நாய்ங்க பாதியைத் தின்னுட்டுப் போயிருந்தது. குண்டோட அளவு குறைச்சலா இருந்ததால அந்த மான் கஷ்டப்படலை. என் கை மிரண்டதால கஷ்டப்பட்டுது.

.44 மேக்னம் மானுக்குத் தாராளமாப் போதும். 1955-இல் வந்த தோட்டா அது. எல்மர் கீத்துன்னு ஒரு மனுஷன் .44 ஸ்பெஷல்ங்கிற பழைய, வேகம் குறைச்சலான தோட்டாவில் மருந்தை ஏத்தி ஏத்தி வேட்டையாடிப் பார்த்து, கம்பெனிக்காரங்களை நச்சரிச்சு வர வச்சது. உனக்கு வசதி என்னன்னா, மேக்னம் துப்பாக்கியில் .44 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். உறை மூணு மில்லிமீட்டர் குட்டை, அவ்வளவுதான். வேகம் பாதியை விடக் கொஞ்சம் கூட. உதை பெரிசாத் தெரியாது. முதல் வாரம் முழுக்க ஸ்பெஷல் மட்டும் சுடு. மேக்னம் ஒரு பெட்டியைத் தாண்ட வேண்டாம்.

மிரட்சியைக் கண்டுபிடிக்க ரிவால்வர் மாதிரி நல்ல வாத்தியார் இல்லை. ஆறு அறையில் ரெண்டு நிஜத் தோட்டா, நாலு காலி உறையை அத்தானைப் போடச் சொல்லு. எது எங்கேன்னு நீ பார்க்காதே. காலி உறை வரும்போது 'டிக்'னு ஒரு சத்தம், முன்சைட் அசையாம நிக்கணும். என்னோடது முதல் நாள் ஒரு விரற்கடை கீழே குதிச்சுது. அதைப் பார்த்தப்பதான் அந்த மான் ஏன் அப்படிப் போச்சுன்னு புரிஞ்சுது.

அப்புறம் தூரம். உணவங்காடியில் கேக் வச்சுத் தர்ற சின்ன காகிதத் தட்டு இருக்கில்லையா, பதினஞ்சு சென்டிமீட்டர் அகலம், அதை மாட்டு. இருபத்தஞ்சு கஜத்தில் ஆறும் உள்ளே விழுந்தா பின்னாடி நகரு. எந்தத் தூரத்தில் ஒண்ணு வெளியே போகுதோ, அதுக்கு முந்தின தூரம்தான் இந்த வருஷம் உன் எல்லை. முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சு. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மக்காச்சோளம் கொட்டுற ஃபீடர் இருக்கும், அங்கே அது அனுமதிச்ச முறைதான். மறைவிடத்தை நாற்பது கஜத்துக்குள்ள போடச் சொல்லிக் கேளு.

இன்னொண்ணு. அத்தானோட பிளாக்ஹாக் எந்த வருஷத்துதுன்னு கேட்டியா? 1973-க்கு முந்தினதுன்னா பக்கத்தில் மூணு திருகு தெரியும். அதில் உள்பாகம் மாத்தலைன்னா சுத்தியலுக்குக் கீழே இருக்கிற அறையைக் காலியா விடணும், அஞ்சு ரவுண்டு மட்டும். இல்லைன்னா துப்பாக்கி கீழே விழுந்தா வெடிச்சுடலாம்.

பத்து மீட்டர்

நான் இங்கே பன்னிரண்டு வருடமாக ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வேட்டை பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் டிரிகர் பற்றித் தெரியும்.

ஒரு கிளப்பில் அறிமுக வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, பத்து மீட்டர், ஒற்றைக் கை. உதை கிடையாது, அதனால் தவறு எல்லாம் உங்களுடையதுதான் என்று உடனே தெரியும். கண் முன்சைட்டில் நிற்க வேண்டும், குறிப்பலகை மங்கலாகத் தெரியலாம். எஸ்ஏஆர் 21-இல் 1.5 மடங்கு ஸ்கோப் வைத்துப் பழகியவர்கள் எல்லோரும் முதல் மாதம் பலகையையே பார்க்கிறார்கள். மார்க்ஸ்மன் வாங்கியவர்களும்தான். ரைஃபிளில் கன்னமும் தோளும் செய்த வேலையை இங்கே மணிக்கட்டு செய்ய வேண்டும்.

நம் ஊரின் தியோ ஷுன் ஷியே 2014 காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். மான் சுட அது எதற்கு என்று நினைக்காதீர்கள். டிரிகரை இழுக்காமல் அழுத்துவது எங்கும் ஒன்றே.

வீட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டி முப்பது விநாடி பிடியுங்கள். கப்பல்காரர் சொன்ன துப்பாக்கியும் கிட்டத்தட்ட அந்த எடைதானே, ஐயா?

பழைய கப்பல்காரன்

ஆமாம்மா, சூப்பர் பிளாக்ஹாக் அதைவிடக் கொஞ்சம் குறைச்சல். ரூகரோட இன்னொரு ரிவால்வர், ஏழரை அங்குல சூப்பர் ரெட்ஹாக்தான் சரியா ஒன்றரைக் கிலோ. .500 ரெண்டு கிலோ பக்கம்.

உட்லண்ட்ஸ் மாமா

சட்ட விஷயம் யாரும் சொல்லலை. டெக்சஸில் வெளியூர்க்காரருக்கான வேட்டை உரிமம் எடுத்துக் கையில் வச்சுக்கிட்டு அப்புறம் துப்பாக்கியைத் தொடுங்க, சுடுதளத்தில்கூட. வெளிநாட்டுப் பயணிக்கு அங்கே அதுதான் பாதுகாப்பு. 1971 செப்டம்பர் 2 அன்னைக்கோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்க வேட்டைக் கல்விப் படிப்பும் முடிச்சிருக்கணும். பதினேழு வயசுக்கு மேல இணையத்திலேயே முடிக்கலாம், இங்கேருந்தே செய்துடுங்க.

திரும்பும்போது பையை ஒருமுறை கொட்டிப் பாருங்க. நினைவுக்குன்னு காலி உறை ஒண்ணுகூட வேண்டாம். ரிவால்வர் வடிவ சிகரெட் லைட்டரே இங்கே தடை செய்த பொருள். சாங்கி விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க.

முடிஞ்சா இந்த வருஷம் ரைஃபிள்லயே சுட்டுட்டு, ரிவால்வரை அடுத்த வருஷத்துக்கு வைங்க. எனக்கு அதுதான் நியாயமாப் படுது.

ஜூரோங்வாசி

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அத்தானை அழைச்சேன். துப்பாக்கி 1978-இல் வாங்கினதாம், மூணு திருகு இல்லை. .44 ஸ்பெஷல் நாலு பெட்டி வாங்கி வைக்கிறேன்னார். தட்டுப் பரீட்சையில் நாற்பது கஜம் தேறலைன்னா ரைஃபிள், நான் அதுக்குச் சரின்னுட்டேன். ஏர் பிஸ்டல் வகுப்புக்கும் சனிக்கிழமை பேர் கொடுத்தாச்சு.

ஒரு சந்தேகம். என் கை சின்னது. பிளாக்ஹாக்கில் நடுவிரல் அடி வாங்கும்னு அத்தான் சொல்றார், நிஜமா?

பழைய கப்பல்காரன்

நிஜம். டிரிகர் வளையத்தோட பின்பக்கம் சதுரமா இருந்தா உதைக்கும்போது நடுவிரல் கணுவில் இடிக்கும். இடிச்சா அடுத்த ரவுண்டுக்குக் கை தானா மிரளும். இறுக்கிப் பிடிச்சுச் சமாளிக்கப் பார்க்காதே, அந்த இடைவெளியை நிரப்புற ரப்பர் பிடி மாட்டச் சொல்லு.

இடது கையை மட்டும் சிலிண்டருக்கு முன்னாடி எப்பவும் கொண்டு போகாதே. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் முடியளவு இடைவெளி, அதுவழியா வர்ற நெருப்பு விரலைக் கிழிச்சுடும். மணல்மூட்டை மேல சாய்ச்சாலும் அந்த இடம் மூட்டையில் படக் கூடாது. காதுக்கு உள்ளே ஒண்ணு, மேலே ஒண்ணு, ரெண்டும் போட்டுக்கோ. சனிக்கிழமை வகுப்பு எப்படிப் போச்சுன்னு எழுது தம்பி.