இறால் கோதிலிருந்து கைற்றோசான்: கனடாவுக்கு அனுப்ப முன்னறிவித்தல் தேவையா?

நாயாற்றுக்கரை (முல்லைத்தீவு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் இடைப்பட்ட வாடிகளில் (மீனவர் கொட்டில்களில்) இறால் உடைக்கும்போது குவிகின்ற கோதைச் சேகரித்து, அதிலிருந்து கைற்றோசான் செதில் செய்கின்ற சிறு குழு நாங்கள். கோதை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, ஐதான எரிசோடாவில் (சோடியம் ஐதரொட்சைட்டில்) புரதத்தைக் கழுவி, மிஞ்சுகின்ற கைற்றினை 45 சதவீத எரிசோடாக் கரைசலில் 100 பாகை வெப்பத்தில் சில மணிநேரம் காய்ச்சிக் கைற்றோசானாக்குகிறோம்.

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் இதைத் தன் பெயரில் இறக்குமதி செய்து, அங்கே முகப்பூச்சு தயாரிக்கும் ஒருவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. இதுவரை மாதிரியாக 40 கிலோ மட்டுமே போயிருக்கிறது. அடுத்த வருடத்துக்கு 1,400 கிலோ செதிலும், நீரில் கரையக்கூடிய காபொட்சிமெதயில் கைற்றோசான் 300 கிலோவும் கேட்கிறார்கள். ஆனால் கனடாவின் புதிய பொருள் முன்னறிவித்தல் (அங்கு பட்டியலில் இல்லாத இரசாயனத்தைக் கொண்டுவருமுன் அரசுக்கு அறிவிப்பது) தொடர்பாகச் சிக்கல் எதுவும் இல்லை என்று எழுத்தில் தந்தால்தான் வாங்குவார்களாம்.

நாங்கள் காசு கொடுத்துக் கேட்ட ஆலோசகர் ஒருவர், "இது இயற்கைப் பொருள், அதிலும் பல்பகுதியம் (பொலிமர், சிறு கூறுகள் சங்கிலியாக இணைந்த பொருள்), ஆகவே விலக்கு உண்டு" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். இன்னொருவரோ ஒரு தொன்னுக்கு மேல் போனால் எதுவானாலும் பதிய வேண்டும் என்கிறார். எதை நம்புவது? விண்ணப்பிக்க வேண்டியது நாங்களா, மச்சானா?

ஆய்வுகூடம் (வவுனியா) எழுதியது:

அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் ஐரோப்பாவின் விதிகளை மனதில் வைத்துக்கொண்டே கனடாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் (இரசாயனப் பதிவு) ஒழுங்குவிதியில்தான் வருடத்துக்கு ஒரு தொன் என்ற எல்லை இருக்கிறது. பல்பகுதியங்களுக்குப் பதிவு விலக்கு இருப்பதும் அங்கேதான், அதுகூட ஒருபகுதியங்களை (சங்கிலியின் சிறு கூறுகளை)ப் பற்றிய நிபந்தனையோடுதான். கனடாவில் பொருந்துவது 1999ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2005இல் இரசாயனங்களுக்கும் பல்பகுதியங்களுக்குமாக ஆக்கப்பட்ட புதிய பொருள் முன்னறிவித்தல் ஒழுங்குவிதிகளும் ஆகும். அந்த ஒழுங்குவிதிகளின் பெயரிலேயே பல்பகுதியம் இருக்கும்போது, பல்பகுதியம் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கு எப்படிக் கிடைக்கும்? முகப்பூச்சில் சேர்ப்பதற்கானது என்பதாலும் தப்ப முடியாது, அழகுசாதனங்களின் கூறுகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

"இயற்கைப் பொருள்" என்ற சொல்லை நாம் பேச்சில் பயன்படுத்துவதுபோல அந்தச் சட்டம் பயன்படுத்துவதில்லை. இயற்கையில் கிடைக்கும் பொருள் பதப்படுத்தப்படாமலோ, அல்லது கையால், புவியீர்ப்பால், இயந்திரத்தால், நீரில் கரைத்து, மிதக்கவிட்டு, நீரை அகற்றுவதற்காக மட்டும் சூடாக்கி என்று எண்ணிச் சொல்லப்பட்ட சில வழிகளில் மட்டும் பதப்படுத்தப்பட்டோ இருந்தால்தான் அந்தச் சலுகை. இறால் கோதை வெயிலில் காயவைத்து இடித்துப் பொடியாக அனுப்பினால் அது இதற்குள் அடங்கும். கோது அமிலத் தொட்டிக்குள் இறங்கிய அந்தக் கணத்திலேயே இந்த வரையறை கைநழுவிவிடுகிறது. எரிசோடாவில் காய்ச்சும்போதோ மூலக்கூறே மாறுகிறது. அசற்றைல் கூட்டங்கள் கழன்று அமைன் கூட்டங்கள் வெளிப்படுகின்றன. இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு சிட்டிகை கைற்றினையும் ஒரு சிட்டிகை கைற்றோசானையும் இரண்டு குவளை வினாகிரியில் போட்டு இரவு முழுவதும் விட்டுவையுங்கள். காலையில் முதலாவது போட்டது போட்டபடி அடியில் கிடக்கும், இரண்டாவது ஊதிக் கரைந்து கூழாகி, கரண்டியில் நூல்போல இழுபடும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இப்பொருள் கனடாவின் உள்நாட்டுப் பொருட்பட்டியலில் இருக்கிறதா என்பதுதான். 1984 ஜனவரி 1 முதல் 1986 டிசெம்பர் 31 வரை அந்நாட்டில் வணிகப் புழக்கத்தில் இருந்த பொருள்களைக் கொண்டு தொடங்கிய பட்டியல் அது. பின்னர் மதிப்பீடு முடிந்தவையும் அதில் சேர்க்கப்பட்டு வருகின்றன. அதில் இருப்பது பழைய பொருள், இல்லாதது புதிய பொருள், உலகம் அதை எத்தனை காலமாக அறிந்திருந்தாலும் சரி. பெயரை வைத்துத் தேடாமல் சிஏஎஸ் இலக்கத்தை (ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உரிய தனி அடையாள எண்ணை) வைத்துத் தேடுங்கள். கைற்றோசானின் இலக்கம் 9012-76-4, கைற்றினுடையது 1398-61-4. இலக்கம் பட்டியலில் இருந்தாலும், அதன் பக்கத்தில் குறிப்பிடத்தக்க புதிய செயற்பாடு என்ற குறியீடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறியீடு இருந்தால், சில பயன்பாடுகளுக்கு மறுபடியும் முன்னறிவித்தல் தேவைப்படும்.

காபொட்சிமெதயில் கைற்றோசான் வேறொரு பொருள். அதைத் தனியாகத் தேட வேண்டும்.

பனிக்காலம் (ஸ்காபரோ) எழுதியது:

இறக்குமதி ஆவணங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பொறுப்பு இங்கே இறக்குமதி செய்பவருடையது, அதாவது உங்கள் மச்சானுடையது. அளவு கணக்கிடப்படுவது ஒவ்வொரு பெட்டிக்கும் அல்ல, ஒரு நாட்காட்டி வருடத்தில் அவர் கொண்டுவருகின்ற மொத்தத்துக்கு. பட்டியலில் இல்லாத சாதாரண இரசாயனத்துக்கு முதல் எல்லை 100 கிலோ, பல்பகுதியத்துக்கு 1,000 கிலோ. எல்லையைத் தாண்டிய பிறகு அறிவிப்பது குற்றம். தாண்டுவதற்கு முன்பே அறிவித்து, மதிப்பீட்டுக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

நாயாற்றுக்கரை எழுதியது:

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள் மிச்சமாக இருக்கின்றன. காபொட்சிமெதயில் வகை பட்டியலில் இல்லாவிட்டால் 300 கிலோவுக்கு என்ன செய்வது? அத்துடன், எங்கள் செய்முறையை மச்சானுக்குக்கூட முழுவதும் சொல்ல எங்கள் குழுவினர் விரும்பவில்லை. உறவு வேறு, வியாபாரம் வேறு என்கிறார்கள்.

ஆய்வுகூடம் எழுதியது:

உங்கள் குழுவினர் விவரமானவர்கள். வெளிநாட்டு உற்பத்தியாளர் தமது இரகசியத் தகவலை இறக்குமதியாளர் கைக்குக் கொடுக்காமல், அங்குள்ள அரச திணைக்களத்துக்கு நேரடியாக அனுப்ப வழியுண்டு. மச்சானின் விண்ணப்பமும் உங்கள் தகவலும் அங்கே ஒன்றுசேரும்.

300 கிலோவைப் பொறுத்தவரை, பல்பகுதியம் என்ற வரையறைக்குள் உங்கள் பொருள் வந்தால் 1,000 கிலோ எல்லைக்குள் இருப்பதால் அடுத்த வருடம் முன்னறிவித்தல் தேவைப்படாது. எல்லையைத் தாண்டும் எண்ணம் வந்தால், அந்த ஒழுங்குவிதிகளின் 9ஆம் அட்டவணை கேட்கும் தகவல்களைக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அங்கேதான் உங்களுக்குச் சிரமம் வரும். குறைந்த தேவைப்பாடுடைய பல்பகுதியம் என்றொரு வகை இருக்கிறது. எண்சராசரி மூலக்கூற்றுத் திணிவு 10,000 டால்ற்றனுக்கு (மூலக்கூற்றுத் திணிவின் அலகு) மேலாகவும், 500க்குக் குறைந்த கூறு 2 சதவீதத்துக்கும் 1,000க்குக் குறைந்த கூறு 5 சதவீதத்துக்கும் கீழாகவும் இருப்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த வகைக்குள் வந்துவிட்டால் அளவு கூடினாலும் மேலதிக நச்சுத்தன்மைச் சோதனைகள் கேட்கப்படுவதில்லை. திணிவில் நீங்கள் தேறலாம். ஆனால் நேரேற்றமுடைய, அல்லது நேரேற்றம் பெறக்கூடிய பல்பகுதியங்களைப் பொதுவாக இந்த வகைக்குள் எடுப்பதில்லை. மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அவை தீங்கு செய்யக்கூடும் என்பதே காரணம். வினாகிரியில் நேரேற்றம் பெற்றுக் கைற்றோசானைக் கரைத்த அதே அமைன் கூட்டம் இங்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. காபொட்சிமெதயில் வகையிலும் அது முழுவதும் மறைவதில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் நீங்கள் காய்ச்சியெடுக்கும் தொகுதிகளுக்கிடையே திணிவும் அசற்றைல் நீக்க வீதமும் எவ்வளவு மாறுகின்றன என்று எப்போதாவது அளந்திருக்கிறீர்களா? எரிசோடாவில் அரை மணிநேரம் கூடக் காய்ச்சினாலே சங்கிலி உடைந்து திணிவு இறங்கும். ஒரு தொகுதியின் அறிக்கையை வைத்து வருடம் முழுவதற்கும் கையெழுத்திட வேண்டாம். ஒவ்வொரு தொகுதியிலும் 200 கிராமை எடுத்து, திகதியிட்டு, போத்தலில் அடைத்து வையுங்கள்.

நாயாற்றுக்கரை எழுதியது:

அளந்ததில்லை ஐயா. பிசுக்குமையை (கூழின் தடிப்பை)க் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்து வந்தோம். இன்றைக்குக் காய்ச்சிய தொகுதியிலிருந்தே போத்தலில் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டோம். 9012-76-4 என்ற இலக்கத்தை மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டியலில் அவர் பார்த்துச் சொல்லும்வரை 1,400 கிலோவுக்கு ஒப்பமிடுவதில்லை என்றும், காபொட்சிமெதயில் வகையில் 300 கிலோவுக்கு மேல் ஏற்பதில்லை என்றும் இன்று மாலை வாடியில் கூடி முடிவெடுத்தோம்.