அருண் போன் எடுக்கல

முனுசாமி தாத்தா குடும்பம் 🌾
வியாழக்கிழமை

தேவகி சித்தி, காலை 6:04
அருண் நேத்து மத்தியானம் காஷ்மீர்ல சோனாமார்க்ல இருந்து பேசினான், ஜோஜிலா தாண்டி லடாக் பக்கம் போறேன்னு. அப்புறம் கூப்பிட்டா போகவே மாட்டேங்குது. யார்கிட்டயாவது பேசினானா?

பாலாஜி, 6:11
இல்ல சித்தி. மெசேஜ் ஒரு டிக்லயே நிக்குது

மஞ்சு அக்கா, 6:12
எனக்கும் அதேதான்

குணா மாமா, 6:20
(வீடியோ, பலமுறை பகிரப்பட்டது)
ஜோஜிலா கணவாயில் பனிச்சரிவு. நேத்து ராத்திரியாம். கடவுள்தான் காப்பாத்தணும் 🙏

தேவகி சித்தி, 6:20
ஐயோ

ரவி சித்தப்பா, 6:21
மாமா, விசாரிக்காம இதெல்லாம் போடாதீங்க. இங்க இவ அழ ஆரம்பிச்சுட்டா

குணா மாமா, 6:22
ஆபீஸ் குரூப்ல வந்ததுப்பா. தெரிஞ்சா நல்லதுன்னு போட்டேன்

கோபால் பெரியப்பா, 6:39
தேவகி, முதல்ல அழுகைய நிறுத்தும்மா. அந்த வீடியோவ நான் நாலு தடவ பார்த்துட்டேன். லாரிக்குப் பின்னாடி சரிவுல நிக்குற மரத்தைப் பாரு. பூர்ஜ மரம், குளிர்காலத்துல இலை கொட்டுற மரம். ஒரு இலை கூட இல்ல. இது ஜூன் கடைசி, இப்ப அதெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும். அது குளிர்காலம் முடியுற சமயத்துல எடுத்தது. நேத்து நடந்ததே இல்ல.

ஜோஜிலா உயரம் 3,528 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவ விட 900 மீட்டர்தான் கூட. அதே ரோட்ல கார்கில் தாண்டினா ஃபோட்டு லா வரும், அது 4,100க்கு மேல. ஆனா டிரைவருங்க பயப்படுறது ஜோஜிலாவுக்குத்தான். மேற்கேயிருந்து வர்ற ஈரக்காத்து அங்க போய் முட்டி பனியா கொட்டும். ரோடு குறுகல், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அதனால ஒரு நேரம் மேல போற வண்டி, ஒரு நேரம் கீழ வர்ற வண்டின்னு மாத்தி மாத்தித்தான் விடுவாங்க. காத்திருக்கவே பாதி நாள் போயிடும்.

மஞ்சு அக்கா, 6:41
நன்றி பெரியப்பா 🙏 சித்தி, டீ குடிச்சீங்களா?

தேவகி சித்தி, 6:44
கோபால் மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்லித்தான் அவன் போனான். நான் வேண்டாம்னேன், இவரும் வேண்டாம்னார். "போகட்டும், பையன் பார்க்கட்டும்"னு நீங்கதான் சொன்னீங்க

ரவி சித்தப்பா, 6:45
தேவகி, குரூப்ல எதுக்கு

தேவகி சித்தி, 6:45
வேற எங்க சொல்றது

விஜயா அத்தை, 6:52
இப்பதான் பார்த்தேன். என்ன ஆச்சு அருணுக்கு?? அடுத்த ஞாயிறு ஆரணிக்குப் பொண்ணு பார்க்கப் போறோம்ல? அதுக்குள்ள வந்துடுவானா? என்கிட்ட யாரும் நேரம் கூட சொல்லல

மஞ்சு அக்கா, 6:53
அத்தை, அது அப்புறம்

விஜயா அத்தை, 6:53
சும்மா கேட்டேன்மா. வழக்கமா எனக்குக் கடைசியிலதான் தெரியும்

கோபால் பெரியப்பா, 7:15
தேவகி சொல்றது சரி. போகச் சொன்னது நான்தான். ஏன்னும் சொல்லிடறேன்.

1948ல காஷ்மீர் சண்டை. ஜோஜிலாவ எதிரி பிடிச்சு வச்சிருந்தான். அந்த வழி அடைபட்டதால லடாக்கோட பெரிய ஊரான லே தனியா மாட்டிக்கிச்சு. காலாட்படை ரெண்டு தடவ மேல ஏறப் பார்த்து முடியல. குகைக்குள்ள மெஷின் கன் வச்சு அடிச்சான். அப்பதான் ஜெனரல் திம்மையா டாங்க் கொண்டு போகலாம்னு முடிவு பண்ணினார். அதுவரைக்கும் அந்த உயரத்துல உலகத்துல எங்கயும் டாங்க் சண்டைக்குப் போனதில்ல. 7வது கேவல்ரின்னு நம்ம டாங்க் படை, அதோட ஸ்டூவர்ட் டாங்க். பீரங்கி இருக்குற தலைப்பாகத்தைக் கழட்டித் தனியா லாரியில ஏத்தி, யாருக்கும் தெரியாம ஜம்முவிலேயிருந்து கொண்டு வந்தாங்க.

ஆனா கணவாய் அடிவாரத்துல இருக்குற பால்தல்ல இருந்து மேல போக இருந்தது கோவேறு கழுதை போற ஒத்தையடிப் பாதை. டாங்க் எப்படி ஏறும்? பாறைய உடைச்சு அதை அகலம் பண்ணினது நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்துக்கு ரோடு, பாலம் போடுற படை. பட்டாளத்துல எல்லாரும் "தம்பி"ன்னு கூப்பிடுவாங்களே, அந்தத் தம்பிங்க. நவம்பர் 1ஆம் தேதி டாங்க் மேல ஏறிச்சு, கணவாய் கைக்கு வந்தது. அதே மாசம் 24ல கார்கிலும் வந்தது.

அந்தத் தம்பிகள்ல ஒருத்தர் நம்ம அப்பா. எனக்கு 22 வருஷ சர்வீஸ்ல ஒரு தடவ கூட அந்தப் பக்கம் போஸ்டிங் கிடைக்கல. முட்டி தேஞ்சுபோச்சு, இனி நான் போக முடியாது. பால்தல்ல வண்டிய நிறுத்தி, தாத்தா வெட்டின சரிவு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வான்னு அருண்கிட்ட கேட்டேன். அவ்வளவுதான்மா.

பாலாஜி, 7:19
தாத்தா அங்க இருந்தாரா?! சொன்னதே இல்ல பெரியப்பா

கோபால் பெரியப்பா, 7:20
அவரே பேசமாட்டார்

விஜயா அத்தை, 7:26
இடது கால்ல ரெண்டு விரல் இருக்காது அவருக்கு. பனியில கறுத்துப்போச்சு, எடுத்துட்டாங்கன்னு மட்டும் சொல்வார். மழை வந்தா அந்தக் கால் குடையும். நான்தான் விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். விரல் இருந்த இடம் வழவழன்னு கூழாங்கல் மாதிரி இருக்கும். அண்ணா அப்ப பெங்களூர்ல பட்டாள சென்டர்ல இருந்தான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது

கோபால் பெரியப்பா, 7:28
தெரியும் விஜி. லீவுல வந்தப்ப நானும் தேய்ச்சிருக்கேன்

விஜயா அத்தை, 7:28
ம்

குணா மாமா, 7:33
ஜோஜிலாதான் உலகத்திலேயே உயரமான ரோடுன்னு படிச்சேனே?

பாலாஜி, 7:35
மாமா, நீங்க சொல்றது கர்துங் லா. லேவுக்கு அந்தாண்ட. அதுவும் இல்ல. முன்னாடி போர்டுல 18,380 அடின்னு எழுதியிருந்தாங்க, அளந்து பார்த்தா 17,582தான். இப்ப உம்லிங் லா அதைவிட உயரம், 19,000 அடிக்கு மேல

கோபால் பெரியப்பா, 7:37
"லா"ன்னாலே அந்த ஊர் பேச்சுல கணவாய்தான். ஜோஜிலா கணவாய்னு சொல்லத் தேவையில்ல

ரவி சித்தப்பா, 7:58
பேசிட்டான்!!!!

ரவி சித்தப்பா, 7:58
கார்கில்ல இருக்கான். நல்லா இருக்கான். லாட்ஜ்காரர் போன்ல பேசினான்

மஞ்சு அக்கா, 7:58
🙏🙏🙏

பாலாஜி, 7:59
அப்பாடா

தேவகி சித்தி, 8:03
முருகா. குரல் கேட்டேன். போதும்

ரவி சித்தப்பா, 8:10
விஷயம் என்னன்னா அவனுது ப்ரீபெய்டு சிம். வெளி மாநில ப்ரீபெய்டு அங்க எடுக்காதாம். சோனாமார்க்ல ஃப்ரெண்டோட போஸ்ட்பெய்டுல பேசியிருக்கான், அந்த போனும் சார்ஜ் தீர்ந்துபோச்சு. மேல விட அஞ்சு மணி நேரம் காக்க வச்சாங்களாம். கணவாய் தாண்டி ஜீரோ பாயின்ட்ல பனி இருந்ததாம், மரப்பலகையில உக்கார வச்சு இழுத்துட்டுப் போவாங்களாம், இவனுங்க மூணு பேரும் சறுக்கி விளையாடியிருக்கானுங்க. கார்கில் சேர ராத்திரி பதினொண்ணு

தேவகி சித்தி, 8:11
நான் இங்க உயிரக் கையில பிடிச்சிட்டு இருக்கேன், பனியில சறுக்கு விளையாட்டா. வரட்டும்

ரவி சித்தப்பா, 8:14
அண்ணா, உன்கிட்ட சொல்லச் சொன்னான். பால்தல்ல நிறுத்திப் பார்த்தானாம். கீழ அமர்நாத் யாத்திரைக்காரங்களுக்குக் கூடாரம் அடிச்சு வச்சிருக்காங்க. மேல பார்த்தா ரோடு மலையில ஆணியால கீறின மாதிரி தெரியுதாம், லாரி எல்லாம் எறும்பாட்டம். "இதுல எப்படிப்பா கையால வெட்டினாங்க"ன்னு கேட்டான். ஒரு கல் எடுத்து வச்சிருக்கானாம்

கோபால் பெரியப்பா, 8:22
சரிப்பா

கோபால் பெரியப்பா, 8:22
சந்தோஷம்

விஜயா அத்தை, 8:25
அந்தக் கல்ல அப்பா படத்துக்குக் கீழ வைக்கலாம். படம் எங்க வீட்லதானே இருக்கு

கோபால் பெரியப்பா, 8:27
படம் மூத்தவன் வீட்ல இருக்கணும்னு அம்மாவே சொன்னாங்க விஜி

விஜயா அத்தை, 8:27
எப்ப சொன்னாங்க

மஞ்சு அக்கா, 8:28
அருண் வந்ததும் பேசிக்கலாமே 😊

பாலாஜி, 8:31
இனிமே அங்க இவ்வளவு கஷ்டம் இருக்காது. சோனாமார்க் சுரங்கம் 2025 ஜனவரியிலயே திறந்தாச்சு. ஜோஜிலாவுக்கு அடியிலயும் 13 கி.மீ.க்கு மேல நீளமா ஒண்ணு கட்டுறாங்க. முடிஞ்சா வருஷம் பூரா போகலாம்

கோபால் பெரியப்பா, 8:34
நல்லதுதான். கணவாய்க்கு அந்தாண்ட இருக்குற த்ராஸ்காரங்களுக்குப் பெரிய விடுதலை. ஆனா அந்தப் பழைய ரோட்டையும் மூடாம வச்சிருக்கணும்

தேவகி சித்தி, 8:40
திரும்பி அந்த வழியா வரவேண்டாம். மணாலி வழியா வரட்டும்

கோபால் பெரியப்பா, 8:44
அது இன்னும் உயரம்மா. தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல, நடுவுல சார்ச்சுல தங்கினா அதுவே 4,290. லேவுல ரெண்டு நாள் சும்மா படுத்திருந்து உடம்பு பழகினப்புறம்தான் கிளம்பணும். தலைவலி, வாந்தி வந்தா மேல ஏறக்கூடாது, இறங்கிடணும். இதை அவன்கிட்ட கண்டிப்பா சொல்லு

தேவகி சித்தி, 8:45
அப்ப ஃப்ளைட்ல வரட்டும். வண்டிய லாரியில போடட்டும்

ரவி சித்தப்பா, 8:46
செலவு எவ்வளவு ஆகும் தெரியுமா

கோபால் பெரியப்பா, 8:47
லாரி செலவு என்னுது. ஆனா அவன் இஷ்டம் என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்க

விஜயா அத்தை, 8:49
ஆரணிக்கு எத்தனை மணிக்குன்னு இன்னும் யாரும் சொல்லல

தேவகி சித்தி, 8:53
அண்ணி, உங்க வீட்டுக்கு நானே வந்து கூப்பிடுறேன். மத்தியானம் அருண் பேசுறேன்னான். கேட்டுட்டு சொல்றேன்