பொங்கலுக்கு அமெரிக்கா செல்லவிருக்கும் தெருக்கூத்துக் குழு: எந்த விசா சரியானது?

கேள்வி: பாலக்கோட்டான்

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகில் என் தந்தையார் தெருக்கூத்து வாத்தியாராக இருக்கிறார். குழுவில் மொத்தம் 14 பேர். வரும் ஜனவரியில் பொங்கல் விழாவுக்காக அமெரிக்காவிலுள்ள ஒரு தமிழ்ச் சங்கம் அழைத்திருக்கிறது. இரண்டு ஊர்களில் மூன்று நிகழ்ச்சிகள், ஆளுக்கு இவ்வளவு சம்பளம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். ஆனால் ஏற்பாட்டைக் கவனிக்கும் இடைத்தரகர், அனைவரும் டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் உறவினரைப் பார்க்கச் செல்வதாகக் கூறிவிட வேண்டும் என்றும், பணத்தை அன்பளிப்பாகக் கையில் கொடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார். அறுபது வயதைக் கடந்த தந்தையாரை அப்படிப் பேசவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குழுவில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள்; மூவருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. நேர்மையான வழி எது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அரூர்க்காரன்

உங்கள் மனம் ஒப்பாதது நியாயமே. நான் இங்கே அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் இரண்டு முறை கலைஞர்களை வரவழைக்கும் பொறுப்பைச் செய்தவன். டூரிஸ்ட் விசா என்று சொல்லப்படும் பி-1, பி-2 (B-1, B-2) விசாவில் வந்து சம்பளத்துக்கு மேடையேற அனுமதி கிடையாது. அதைக் காட்டிலும் பெரிய ஆபத்து நேர்காணலில் சொல்லும் பொய்தான். அது வெளிப்பட்டால் இந்தப் பயணம் மட்டும் நிற்காது, வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாதபடி தடை விழலாம்.

உங்கள் குழுவுக்குப் பொருந்துவது பி-3 (P-3) விசா. கலைஞர்களுக்கான இன்னொரு விசாவான ஓ-1பி (O-1B) தனியொரு கலைஞரின் புகழையும் சாதனையையும் எடைபோடுகிறது. பி-3 அப்படியன்று, நிகழ்த்தப்படும் கலை ஒரு மக்களின் பண்பாட்டுக்கே உரியதா, வருபவர்கள் அதில் தேர்ந்தவர்களா என்று பார்க்கிறது. பெரிய விருது எதுவும் பெறாத கூத்துக் கலைஞருக்கும் இதில் இடம் உண்டு என்பதால்தான் இதை நான் வலியுறுத்துகிறேன்.

இந்த விண்ணப்பத்தை நீங்கள் அங்கிருந்து தொடங்க முடியாது. அழைக்கும் சங்கமோ அமெரிக்காவிலுள்ள முகவரோ ஐ-129 என்ற மனுவை அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதனுடன் ஒப்பந்தம், எந்த நாளில் எந்த ஊரில் ஆட்டம் என்ற நிரல், கலைத்துறைத் தொழிற்சங்கம் ஒன்றின் கருத்துக் கடிதம் ஆகியவை செல்லும். ஒரு மனுவில் 25 பேர் வரை சேர்க்கலாம். கூடுதல் கட்டணம் செலுத்தினால் 15 வேலை நாட்களில் முடிவோ மேற்கொண்டு ஆவணக் கேள்வியோ வந்துவிடும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆடி பிறந்துவிட்ட நிலையில் சங்கத்தார் இனியும் தாமதிக்கக் கூடாது. மனு ஏற்கப்பட்ட பிறகு ஒவ்வொருவரும் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்பி, 205 டாலர் விசாக் கட்டணம் செலுத்தி, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். அங்கே தமிழிலேயே பதில் சொல்லலாம்.

ஒன்றை மறக்காமல் சங்கத்தாரிடம் சொல்லுங்கள். மிருதங்கம், முகவீணை வாசிப்பவர்களும் பின்பாட்டுப் பாடுபவர்களும் கலைஞர்கள்தான். அவர்களை உதவியாளர் என்று எழுதிவிடக் கூடாது. வேடம் கட்டிவிட மட்டும் ஒருவர் வருகிறார் என்றால் அவருக்கு உதவிப் பணியாளர் என்ற முறையில் தனி மனு வேண்டும்.

பதில்: கிருஷ்ணகிரி வேடதாரி

ஐயா, எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகவரை நம்பி எங்கள் குழு சுற்றுலா அனுமதியில் மலேசியா சென்றது. அங்கே வெளிநாட்டுக் கலைஞர் மேடையேற வேண்டுமானால் நிகழ்ச்சி நடத்துபவர் புஸ்பால் என்ற அரசு அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அன்றுவரை தெரியாது. அரிதாரம் பூசிய முகத்தோடு பின்மேடையில் உட்கார்ந்திருந்த எங்களிடம், ஆட்டம் இல்லை என்று வந்து சொன்னார்கள். விமானச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க இரண்டு பங்குனி ஆயிற்று.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் (ECR, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகையாக இருக்கும். மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இந்தப் பயணத்துக்கு அது தடையாகாது.

சான்றுகளைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் இதில்தான் ஏழைகளாக இருக்கிறோம், ஆடியது எதையும் எழுதி வைப்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நோட்டீஸ்கள், பத்திரிகைத் துணுக்குகள், நலவாரிய அடையாள அட்டை, யாருக்காவது மாவட்டக் கலை மன்றத்தின் கலை நன்மணி, கலை முதுமணி விருது கிடைத்திருந்தால் அதன் சான்றிதழ் என அனைத்தையும் திரட்டுங்கள். நாட்டுப்புறவியல் பேராசிரியர்கள் இருவரிடம், கூத்து எந்த மரபில் வந்தது, உங்கள் தந்தையார் யாரிடம் கற்றார் என்பதை விளக்கிக் கடிதம் வாங்குங்கள். மாசியில் தொடங்கும் பாரதக் கூத்துக்கு ஊரார் வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் அச்சாரத்தைத் தாளில் எழுதி வாங்கினால், குழுவின் மதிப்புக்கும் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கும் அதுவே சான்றாகும்.

கேள்வி கேட்டவர்: பாலக்கோட்டான்

இருவருக்கும் நன்றி. சங்கத் தலைவரிடம் நேரடியாகப் பேசினேன். டூரிஸ்ட் விசா யோசனை தம்முடையது அல்ல என்றும், மனுவைத் தாமே தாக்கல் செய்வதாகவும் கூறினார். தரகர் விலகிவிட்டார். பழைய நோட்டீஸ்களில் எல்லோருக்கும் வேடப் பெயரும் பட்டப் பெயருமே இருக்கின்றன, அது சிக்கலாகுமா? கட்டைகளையும் (வேடத்துக்கு அணியும் மர அணிகள்) கிரீடங்களையும் எப்படிக் கொண்டு செல்வது?

பதில்: அரூர்க்காரன்

நோட்டீஸில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒவ்வொருவரும் நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட சான்றும் வேண்டும். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் மூவரும் முன்னெழுத்தை விரித்து, குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிடட்டும். அதை வெறுமையாக விட்டால் அமெரிக்க விசாவில் முதற்பெயரின் இடத்தில் எஃப்என்யூ (FNU, முதற்பெயர் தெரியவில்லை) என்று பதிவாகி, விமான டிக்கெட்டிலிருந்தே குழப்பம் தொடங்கும்.

சம்பளம் பேசும்போது வரியையும் பேசிவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் தொகையில் பொதுவாக 30 விழுக்காடு பிடித்தம் உண்டு.

கட்டைகளையும் ஆர்மோனியத்தையும் படம் எடுத்துப் பட்டியலிட்டு, புறப்படும்போது விமான நிலையச் சுங்க அலுவலரிடம் காட்டிச் சான்று பெற்றால், திரும்பி வருகையில் தீர்வை கேட்க மாட்டார்கள். ஆனால் பாட்டனார் காலத்துக் கிரீடம் எதுவும் பெட்டியில் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். 100 ஆண்டைக் கடந்த கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. வயது ஐயமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அன்று என்ற சான்றை முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும்.